நெற்றியில் கை, நெஞ்சில் முஷ்டி

சனிக்கிழமை காலை, 20 மீட்டர் ஆழத்தில், எங்கள் வழிகாட்டி உள்ளங்கையைச் செங்குத்தாக நெற்றியில் வைத்துக் காட்டினார். நீருக்கடியில் அதற்கு ஒரே பொருள்தான்: சுறா. அதே நொடியில் நான் கையை மூடி நெஞ்சில் வைத்தேன். அதற்கும் ஒரே பொருள்தான்: காற்று குறைந்துவிட்டது.

ஏழு பேர் முதலில் அவர் காட்டிய பக்கம் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மாஸ்க் கண்ணாடிக்குப் பின்னால் மனிதக் கண் எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நீரோட்டம் பலமான இடம், ஒரே படகு, ஒரே வழிகாட்டி. அதனால் எட்டுப் பேரும் ஒன்றாக இறங்கி ஒன்றாகவே ஏற வேண்டும் என்று படகிலேயே பேசி வைத்திருந்தோம். 22-வது நிமிடத்தில் என் காற்று தீர்ந்தால் எல்லோருக்கும் அது 22 நிமிட டைவ். மாதக் கணக்கில் தேதி பார்த்து, விடுப்பு எழுதிக் கொடுத்து, சுறா பார்க்கவென்றே கிளம்பி வந்தவர்கள். மேலே வந்து படகில் உட்கார்ந்ததும் யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்ல, அடுத்த டைவ் இருக்குல்ல" என்று நான்கு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த டைவ் இருக்கிறதுதான். ஆனால் வார இறுதிப் பயணத்தில் டைவ் என்பது அளந்து வைத்த பண்டம். திங்கள் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு விமானம். பல முறை மூழ்கியவர்கள் கடைசி முறை மேலே வந்தபிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை. ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு விடும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. மேலே வந்த பிறகு மெதுவாக வெளியேறுகிறது. அது முடிவதற்குள் விமானத்தில் ஏறினால், அங்கே கேபின் அழுத்தம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் மலைமேல் இருப்பதற்குச் சமம். கரைந்திருக்கும் வாயு குமிழியாகக் கிளம்பும். சோடா பாட்டிலைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுவேதான், நம் மூட்டுக்குள்ளும் நரம்புக்குள்ளும். ஆக ஞாயிறு மதியத்துக்குப் பிறகு யார் தலையும் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. சனிக்கிழமை மூன்று, ஞாயிறு காலை ஒன்று, மொத்தம் நான்கு. அதில் ஒன்றை நான் பாதியில் உடைத்துவிட்டேன்.

எந்தத் தீவு என்று சொல்லப் போவதில்லை. அங்கே ஏற்கெனவே படகு அதிகம். பவளத்திட்டில் ஒரு வாய்க்கால் இருக்கிறது, அதன் வழியாக வெளிக்கடல் உள்ளே வந்துபோகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். இத்தகைய வாய்க்கால் முனைகளில்தான் சாம்பல்நிறப் பவளப்பாறைச் சுறாக்கள் கூடும். கடல் ஏறும் நேரத்தில் தெளிந்த நீர் உள்ளே பாய்ந்து, பாறைச் சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்பும். அந்த ஏறுநீரில் சுறா ஏறக்குறைய சும்மா நிற்கலாம். பிரெஞ்சு பாலினீசியாவில் ஃபகரவா என்ற பவளத்தீவின் தென் வாய்க்காலில் நூற்றுக்கணக்கில் இப்படி நிற்கும் சுறாக்களை ஆராய்ந்து 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலெழும் நீரோட்டத்தில் நிற்பதால் அவற்றுக்கு 10 முதல் 15 சதவீதம் ஆற்றல் மிச்சமாகிறதாம். பருந்து வெயிலில் எழும் காற்றில் சிறகடிக்காமல் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், தண்ணீருக்குள். அவை வரிசையில்கூட நிற்கின்றன: நீரோட்டத்தின் கடைசிவரை போன சுறா திரும்பி வந்து மறுபடி தொடக்கத்தில் சேர்ந்துகொள்ளும்.

சுறாவே அப்படிச் சிக்கனமாக இருக்கும் இடத்தில் நான் செய்தது என்ன? காலை அடித்தேன். கையை வீசினேன். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினேன். பயத்தில் அல்ல, ஆசையில். தூரத்தில் ஒரு நிழல் தெரிந்தாலும் அது சுறாவா என்று எட்டிப் பார்க்க உடம்பு தானாக முன்னால் போனது.

கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அன்று மதியம் முழுக்க இதையேதான் போட்டுக்கொண்டிருந்தேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று. 50 பாரைத் தொடாமல் வைக்க வேண்டும், ஆக கையில் இருப்பது 1,800 லிட்டர். நிதானமாக மூச்சு விடுபவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போதும். ஆனால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் 20 மீட்டரில் ஒரு மூச்சுக்கு மூன்று மூச்சுக் காற்று செலவாகும். 15 என்பது 45 ஆகும். 40 நிமிடம் தாங்கும். பரபரப்பில் மேல்மூச்சு வாங்கி 25 லிட்டர் இழுக்கிறவனுக்கு அது 75. 24 நிமிடத்தில் கதை முடிந்தது. நான் அதைவிட இரண்டு நிமிடம் முந்திக்கொண்டேன்.

படகில் உடனே இன்னொரு சண்டை தொடங்கியதால் என்னை விட்டுவிட்டார்கள். நாங்கள் மேலே வரும்போது கடைசியாக ஒரு சுறா கடந்துபோனதே, அது எவ்வளவு நீளம்? கல்லூரிப் பையன் இரண்டரை மீட்டர் என்றான். பல்மருத்துவர் இரண்டுக்கு மேல் ஒரு விரலும் இருக்காது என்றார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே ஒன்றரை என்றார். நீரில் மாஸ்க் வழியாகப் பார்க்கிற எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும். ஒளி தண்ணீரிலிருந்து மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது வளைவதால் வருவது. ஒன்றரை மீட்டர் சுறா கண்ணுக்கு இரண்டு மீட்டர்தான். மீதி அரை மீட்டர் பையனுடையது. (அன்றிரவு அவன் வீட்டுக்குப் போனில் சொன்னபோது அது மூன்றாகியிருந்தது. பக்கத்திலிருந்து கேட்டேன்.)

அதே பையன்தான் மதிய டைவில் எங்களுக்கு வேறொரு பாடம் நடத்தினான். குச்சியில் கேமராவை மாட்டிக்கொண்டு பாறை ஓரமாக ஒரு சாம்பல்நிறச் சுறாவைத் துரத்தினான். அது திரும்பியது. முதுகைக் கூன்போல் வளைத்தது, மார்புத் துடுப்புகளைக் கீழே தாழ்த்தியது, மூக்கைத் தூக்கிக்கொண்டு உடம்பை அளவுக்கு மீறி இடமும் வலமும் ஆட்டி நீந்தியது. பார்க்கத் தெருவில் வம்புக்கு நிற்கும் ஆளின் நடைபோலவே இருந்தது. இந்த இனம் இப்படி எச்சரிக்கும் என்பது 1970-களின் தொடக்கத்திலேயே பதிவான விஷயம். வழிமறிக்கப்பட்டதாகவோ மூலையில் நெருக்கப்பட்டதாகவோ தோன்றினால் செய்யும். வழிகாட்டி பையனின் சிலிண்டரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எல்லோரும் பாறையோடு ஒட்டி, அதற்கு வெளிக்கடல் பக்கம் வழிவிட்டோம். ஓரிரு விநாடி. முதுகு நேரானது, போய்விட்டது. அதோடு அந்தச் சரிவில் இருந்த மற்றவையும் போய்விட்டன. ஒருவன் துரத்தினால் எட்டுப் பேருக்கும் சுறா இல்லை. காலையில் நான், மதியம் அவன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் வந்து வேறு வழி சொன்னார். ஞாயிறு காலை தன்னோடு வந்தால் மீன் துண்டு போட்டுச் சுறாவை வரவழைத்துக் காட்டுவதாகவும், பார்க்காமல் திரும்பியவர் கிடையாது என்றும் சொன்னார். குழு இரண்டாகப் பிரிந்தது. எங்களோடு வந்த தம்பதியில் கணவர் தயார், மனைவி மாட்டேன் என்றார். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்தவர், 400 டைவுக்கு மேல் கண்டவர், "கூப்பிட்டு வந்தா அது விருந்தாளி இல்ல, வேலைக்கு வந்த ஆளு" என்றார்.

எனக்கு இதில் ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை. இரை போட்டுக் காட்டும் இடங்களில் நல்ல ஒழுங்கோடு நடப்பவை உண்டு. பிஜியில் காளைச் சுறாக்களைக் காட்டும் கடற்காப்பகம் அந்தப் பணத்தில் அங்கேயுள்ள மீனவ ஊர்களுக்கும் பங்கு தருகிறது. இன்னொரு பக்கம் அமெரிக்காவின் புளோரிடாவில் டைவர்கள் மீனுக்கோ சுறாவுக்கோ இரை போடுவதே மாநிலக் கடலில் குற்றம். உயிருள்ள சுறாவுக்கு மதிப்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை: பலாவு நாட்டில் ஒரு பவளப்பாறைச் சுறா தன் வாழ்நாளில் சுற்றுலாவுக்கு 19 லட்சம் டாலர் ஈட்டித் தருகிறது என்று ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அந்த நாடுதான் 2009-இல் தன் கடல் முழுவதையும் முதன்முதலாகச் சுறாச் சரணாலயமாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மாலத்தீவு சுறாப் பிடிப்பைத் தடை செய்தது. ஆனால் என் சொந்தக் காரணம் இவ்வளவு உயர்ந்ததல்ல. நான் காலையில் கெடுத்ததை இன்னொருவர் மீன் துண்டு போட்டுச் சரி செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது ஐந்துக்கு மூன்றில் வாய்க்காலே வென்றது.

இரவு டைவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. 10 மீட்டரில் ஒரு பாறை இடுக்கில் டார்ச் அடித்தபோது மூன்று வெள்ளைமுனைச் சுறாக்கள் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துப் படுத்திருந்தன. சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும் என்று பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்து நாம் எல்லோரும் நம்பி வைத்திருக்கிறோம். சில இனங்களுக்கு அது உண்மை. இவை வாயைத் திறந்து மூடியே செவுளுக்கு நீர் தள்ளிக்கொள்ளும்; பகலெல்லாம் படுத்திருந்து இரவில் வேட்டைக்குப் போகும். எங்கள் வெளிச்சத்தில் ஒன்று எழுந்து, என் முழங்காலுக்கும் மணலுக்கும் இடையில் இருந்த சந்தில் புகுந்து போனது. நான் ஒரு பொருட்டே இல்லை.

பயமே இல்லையா என்று திரும்பி வந்ததும் கேட்டார்கள். இருந்தது, ஆனால் படகின் ஓரத்தில் உட்கார்ந்து பின்பக்கமாக விழுவதற்கு முந்தைய நொடி வரைதான். புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகம் முழுவதும் நடக்கும் சுறாத் தாக்குதல்களைப் பதிவு செய்கிறது: மனிதன் சீண்டாமல் சுறா கடித்தது ஆண்டுக்கு நூறுக்கும் குறைவு, இறப்பவர்கள் பெரும்பாலும் பத்துக்குள், அதிலும் அலைச்சறுக்குவோரும் நீந்துவோரும்தான் மிகுதி. மறுபக்கத்துக் கணக்கு வேறு. 2013-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி மனிதன் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி. திறந்த கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970-லிருந்து 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021-இல் கணக்கிட்டார்கள். மரங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே கடலில் இருந்துவரும் கூட்டத்துக்கு ஐம்பதே ஆண்டில் இந்தக் கதி.

அன்றிரவு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை. ஒரே கேள்வி.

"எத்தன கிலோ கட்டியிருந்தீங்க?"

"ஒன்பது, அக்கா."

"மூணு மில்லிமீட்டர் டைவ் உடைக்கு ஒன்பதா? யாரு குடுத்தா?"

யாரும் கொடுக்கவில்லை. முதன்முதலில் பயிற்சி எடுத்த இடத்தில், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளை ஒன்பது கிலோவுக்குக் கட்டிவிட்டார்கள். அதையே ஜாதகம் மாதிரி எல்லா இடத்திலும் ஒப்பித்து வந்திருக்கிறேன். புதிதாகக் கற்பவர் மிதந்து கிளம்பிவிடக் கூடாதென்று கூடுதலாகக் கட்டுவது வழக்கமாம். அதிக ஈயம் இடுப்பை இழுக்கும். அதை ஈடுகட்ட, மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்று ஊத வேண்டும். ஊதினால் மார்பு மேலே, கால் கீழே, உடம்பு சாய்வாக நிற்கும். சாய்ந்த உடம்பை நீரோட்டத்துக்கு எதிராகத் தள்ளுவது கதவைத் தூக்கிக்கொண்டு காற்றில் நடப்பதுபோல. கால் அடிக்கத்தான் வேண்டும். கால் அடித்தால் மூச்சு வாங்கத்தான் வேண்டும். இத்தனை நாள் எனக்கு நுரையீரல் பெரிது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை கரையோரம் கழுத்தளவுத் தண்ணீரைத் தாண்டி அழைத்துப் போனார். ஜாக்கெட்டைக் காலி செய்து, சாதாரண மூச்சை நிறுத்திப் பிடித்தால் நீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். எனக்குத் தலை முங்கி ஓர் அடி கீழே போனது. ஒவ்வொரு கட்டியாகக் கழற்றினார். மூன்று கிலோ போனபோது சரியாக வந்தது. "இன்னும் ஒண்ணு எடுக்கலாம், ஆனா வேணாம். சிலிண்டர்ல இருக்கற காத்துக்கும் எடை உண்டு. கடைசில ரெண்டு கிலோ லேசாயிருவீங்க, அப்ப மேல வர்றப்ப நைட்ரஜன் வெளியேற அஞ்சு மீட்டர்ல நிக்கணுமே, அது முடியாது." காற்றுக்கு எடை உண்டென்று எட்டாம் வகுப்பில் படித்தது அப்போதுதான் காரியத்துக்கு வந்தது.

கடல் ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் முந்தைய நாளைவிடத் தாமதமாகவே இறங்கினோம். இந்த முறை 18 மீட்டரில் வாய்க்கால் விளிம்பில், உயிரில்லாத பாறை பார்த்து ஆளுக்கொரு கொக்கியை மாட்டினோம். கொக்கியிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் நாம், பட்டம் மாதிரி. செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அக்கா என் கண்ணெதிரே நான்கு விரலைக் காட்டி மெல்ல மடக்கினார்: நாலு எண்ணும் வரை விடு.

விட்டேன். குமிழிச் சத்தம் நின்ற இடைவெளியில் பவளத்தை மீன்கள் கொறிக்கும் மெல்லிய படபடப்புக் கேட்டது. அத்தனை டைவிலும் அது எனக்குக் கேட்டதில்லை.

முதலில் வெளிநீலத்தில் கோடுகளாக. அப்புறம் கோடுகளுக்கு உடம்பு வந்தது. வால் ஓரம் நெடுகக் கறுப்புக் கரை வைத்த சாம்பல்நிறச் சுறாக்கள், எங்களுக்குக் கீழே, எதிரே, பிறகு சமமட்டத்தில். வாலை அசைத்தனவா என்றே தெரியவில்லை. ஒன்று வரிசையின் கடைசிக்குப் போய், திரும்பி, எங்கள் தலைக்கு மேலாக மறுபடி முன்னால் போய்ச் சேர்ந்தது. அவற்றின் மூக்கில் புள்ளிப் புள்ளியாகத் துளைகள் இருக்கும். அதைக் கண்ணால் பார்க்கும் தூரம் வந்தது ஒன்று. இத்தாலியரான ஸ்டெஃபானோ லோரென்சீனி 1678-இலேயே அவற்றை விவரித்து எழுதினார். கூழ் நிறைந்த அந்தக் குழிகள் மின்புலத்தை உணர்பவை என்று தெரிய அதன்பின் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. தசையும் இதயமும் எழுப்பும் துளி மின்சாரம் மிக அருகில் வந்தால் அதற்குத் தெரியும். என் இதயம் அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அதற்குத் தெரிந்திருக்குமானால், எனக்கும் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக வந்ததன் வாயோரத்தில் தூண்டில் முள் ஒன்று மாட்டியிருந்தது. துருவேறிய முள், அதிலிருந்து ஒரு முழ நரம்பு, நரம்பில் பாசி. பலகாலமாக அப்படியே நீந்திக்கொண்டிருக்கிறது போல. அது மட்டும் திரும்பிப் போகாமல் எட்டுப் பேருக்கும் முன்னால் ஒருமுறை மெதுவாகக் கடந்தது. பையன் கேமராவைத் தூக்கவில்லை.

மானியைப் பார்த்தேன். 38-வது நிமிடம், 60 பார். நெஞ்சில் முஷ்டி வைத்தது நான்தான் என்றாலும் என்னோடு கூடவே தம்பதியில் கணவரும் வைத்தார். ஒன்றாக ஏறினோம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றபோது நான் மிதந்து போகவில்லை.

படகில் எல்லோரும் பதிவுப் புத்தகம் எழுதினார்கள். எத்தனை சுறா? பையன் இருபது, வழிகாட்டி பதினொன்று, கணவர் பதினாறு, மனைவி "அவர் சொன்னதுல பாதி". அக்கா எண்ணவில்லை. எண்ணிக்கையில் ஒத்துவராத நாங்கள் அந்த முள்ளைப் பற்றி மட்டும் ஒரே குரலில் சொன்னோம்: வலது வாயோரம்.

"இடது," என்றார் பல்மருத்துவர், எழுதுவதை நிறுத்தாமல். "எதிர்ல நின்னு பார்த்தா உங்களுக்கு வலது. வாய் யாரோடது? நோயாளியோட பக்கத்தத்தான் சொல்லணும்."